பெட்டி இல்லாத ஆகஸ்ட்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று இரண்டாவது பாட்டில் என் பாட்டுப் புத்தகம் நகரவில்லை.

பேஸ் கிட்டாருக்கான ஸ்பீக்கர் பெட்டியின் மேல்தான் எப்போதும் புத்தகத்தை வைப்பேன். தடித்த கம்பியை மீட்டும்போதெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். பாட்டு முடிந்ததும் உள்ளே தள்ளி வைப்பேன். மூன்று வருடப் பழக்கம். இன்று தள்ளப் போனபோது அது வைத்த இடத்திலேயே இருந்தது. குனிந்து பெட்டியின் முன்துணியில் கை வைத்துப் பார்த்தேன். அதிர்வே இல்லை. உள்ளே காகிதம் கிழிவது போல ஓர் இரைச்சல் மட்டும்.

ஆராதனை முடிந்ததும் ஆல்டிரின் அண்ணன் பெட்டியைத் திறந்து பார்த்தார். எங்கள் வேதக்கோயிலில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரைப் பார்ப்பது அவர்தான். வார நாளில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார்.

"எலி குடும்பம் நடத்திட்டுப் போயிருக்கு பிள்ள. தொட்டில் ஒண்ணுதான் கட்டல" என்றார்.

ஸ்பீக்கரின் காகிதக் கோன் பாதிக்கு மேல் இல்லை. ஓரத்தில் பஞ்சும் பனைநாரும் பழைய ஞாயிறு நோட்டீசும் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன.

பெட்டி என் நெஞ்சு உயரம் இருக்கும். அதன் பின்னால் நின்றால் சபைக்கு என் தலையும் கிட்டாரின் நுனியும்தான் தெரியும். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பெட்டி கெட்டுப்போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாலரைக்கு எழுந்து, விற்பதற்கு இரண்டு ஈடு இட்லி மாவு ஆட்டினேன். அம்மாவின் மணிக்கட்டு இன்று மடங்கவே இல்லை, அதனால் பாக்கெட் போட்டதும் நான்தான். இருபத்திரண்டு வீடு. பையை கேட்டில் மாட்டி மணியை அடித்துவிட்டு, கதவு திறக்கும் முன் வந்துவிடுவேன். எல்லாருக்கும் பழகிவிட்டது. யாரும் வெளியே வருவதில்லை.

அந்த அளவு கோன் வர ஒன்றரை மாதம் ஆகும் என்று திருநெல்வேலிக் கடையில் சொல்லிவிட்டார்களாம். பிரதிஷ்டைப் பண்டிகை 31ஆம் தேதி. கோயில் கட்டி நூற்றிருபது வருடம் ஆவதால் வெளியூரில் இருப்பவர்களெல்லாம் வருவார்கள். ஆராதனை, பாட்டு, மத்தியானம் ஊருக்கே அசனச் சாப்பாடு.

களைப்பாக இருக்கிறது. எழுத வேறு இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

பயிற்சி. கிட்டாரைச் சின்ன டப்பா ஒன்றின் வழியாக நேரே மிக்ஸருக்குக் கொடுத்தார் ஆல்டிரின் அண்ணன். இனி என் சத்தமும் கோயிலின் பெரிய ஸ்பீக்கர்களில்தான் வரும்.

இரண்டு அடி வாசித்ததும் பிரின்ஸ்டன் அண்ணன் கீபோர்டை நிறுத்திவிட்டார். பாடகர் குழுவை நடத்துவது அவர்.

"பெர்சி, நீ வாசிக்கியா, தகரத்துல ஆணி அடிக்கியா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் கேட்டதில் தப்பு இல்லை. நகம் படுவது, விரல் கம்பியில் உரசுவது, கம்பி கட்டையில் மோதுவது எல்லாம் கேட்டது. இத்தனை நாளும் என் கை இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்கே தெரியாது.

நிற்க இடம் தேடி டிரம்சுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றேன். சிம்பல் தட்டு காதில் இரைந்தது.

ஆகஸ்ட் 9, சனி

பிரின்ஸ்டன் அண்ணன் நாகர்கோவிலிலிருந்து ஒரு பெடல் இரவல் வாங்கி வந்தார். பெட்டி இல்லாமலேயே பெட்டியில் வாசிப்பது போலக் காட்டும். எங்கோ ஓர் அறையில், ஏதோ ஒரு பெட்டிக்கு முன்னால் மைக் வைத்து, அது எப்படிப் பேசுகிறது என்பதை அப்படியே எடுத்து உள்ளே வைத்திருக்கிறார்களாம். கேபினட் சிமுலேஷன் என்றார். பதினோரு பெட்டி இருக்கிறது, வேண்டியதைத் திருப்பிக்கொள்ளலாம்.

ஹெட்போனைக் காதில் வைத்தார்கள். ஒரு கம்பியைத் தொட்டேன். என் பெட்டியை விட நன்றாக இருந்தது. கழற்றவே மனம் வரவில்லை.

"பிள்ள மொகத்தப் பாரு, சிரிக்கி" என்றார் ஆல்டிரின் அண்ணன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் முன்பே ரத்தினபாய் பெரியம்மா மேடைக்கு வந்துவிட்டார். பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவி. போதகர் ஐயரே அவரிடம் குரலை இறக்கித்தான் பேசுவார்.

"தம்பி, இன்னைக்கு ஒரு பாட்டும் வெளங்கல. அடிவயித்துல கெடந்து பெசையுது. ஆராதனை நடக்குதா, ரைஸ் மில்லு ஓடுதா?"

"எனக்கு நல்லாத்தான கேட்டுச்சு பெரியம்மா" என்றார் ஆல்டிரின் அண்ணன்.

"ஒனக்குக் கேக்கும். நீ அந்தப் பக்கம்லா இருக்க."

பெரியம்மா போனதும் பிரின்ஸ்டன் அண்ணன், "வயசாயிட்டு, காது அப்படி" என்றார். நான் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

குழாயில் தண்ணீர் வரவில்லை. மாவு புளித்துவிட்டது.

ஆகஸ்ட் 13, புதன்

பதினோரு பெட்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். மேடையில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரிந்தது. கோயிலின் மத்தியில் நடந்து பார்த்தால் எல்லாம் ஒரே கூழ். எங்கள் கோயிலில் கை தட்டினால் ஓய மூன்று விநாடி ஆகும். அதற்குள் இன்னொரு அறையின் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்?

இது நான் இப்போது எழுதுவது. அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

பிரின்ஸ்டன் அண்ணன் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"பெர்சிம்மா, தப்பா நெனைக்காத. ரெண்டு ஞாயிறு நீ ரெஸ்ட் எடு. கீபோர்டுல எடது கையிலயே நான் பேஸ் போட்டுக்கிடுதேன். முப்பதாம் தேதி ஒத்திகைக்கு சங்கத்துப் பொம்பளைங்க எல்லாரும் வருவாங்க. அன்னைக்கு உன் சத்தத்த வச்சுப் பாப்போம். பாட்டு வெளங்குதுன்னு பெரியம்மா சொல்லிட்டா பண்டிகைக்கும் நீதான், அப்புறமும் நீதான். இல்லன்னா எடது கையே போதும்னு கமிட்டி சொல்லுது."

தலையாட்டினேன்.

வீட்டைத் தவிர நான் போகிற இடம் அந்த மேடை ஒன்றுதான். மாவுப் பையை மாட்டப் போவதை இடம் என்று சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்று வருடத்துக்குப் பிறகு பெண்கள் பக்கம் உட்கார்ந்தேன்.

எங்கள் கோயிலில் வடக்குப் பக்கம் பெண்கள், தெற்குப் பக்கம் ஆண்கள். புருஷன் பெண்டாட்டியாக வந்தாலும் வாசலில் பிரிந்துவிடுவார்கள். நான் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து பெட்டிக்குப் பின்னால்தான். இன்று அம்மாவுக்குப் பக்கத்தில், மாடிக்கு அடியில், சுவரோரம். அம்மா எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள், விருந்தாளிக்கு விடுவது போல.

முன்னால் விரித்திருந்த பாயில் என்னோடு படித்த ஜெசிந்தா இருந்தாள். திரும்பி, "ஏய் பெர்சியாள், உயிரோடதான் இருக்கியா? ஸ்கூலுக்கு ஏன்ட்டி வரல?" என்றாள். நான் அம்மாவின் கையைக் காட்டினேன். அம்மா கட்டுப் போட்ட மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். இருவரும் இதைப் பல தடவை செய்திருக்கிறோம்.

பிறகு பாட்டு. பிரின்ஸ்டன் அண்ணனின் இடது கை இறங்கியதும் முதுகுக்குப் பின்னால் சுவர் முனகியது. உண்மையாகவே. சில சுரங்களுக்கு ஒன்றுமில்லை, சில சுரங்களுக்கு மட்டும் யாரோ பெரிய அண்டாவைத் தரையில் இழுப்பது மாதிரி. அந்த இழுவையில் பாட்டின் வார்த்தை மூழ்கிவிடுகிறது. அம்மா புத்தகத்தைப் பார்த்து வாயை மட்டும் அசைத்தாள். சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் அப்படித்தான்.

நான் இல்லாத நாளிலும் முனகுகிறது. பெடல் இல்லாத நாளிலும் முனகுகிறது.

ரத்தினபாய் பெரியம்மாவுக்குக் காது நன்றாகத்தான் இருக்கிறது. சத்தத்தைச் சரிபார்க்கிற ஒருவரும் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டதில்லை. உட்காரவும் முடியாது. மிக்ஸர் இருப்பது ஆண்கள் பக்கக் கடைசியில்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆல்டிரின் அண்ணன் வீட்டு மாவுப் பைக்குள் சீட்டு எழுதிப் போட்டேன். "பெண்கள் பக்கச் சுவர் முனகுகிறது. பெடல் வேண்டாம். மிக்ஸரிலேயே சரிசெய்யலாமா. பெர்சியாள்."

மூன்று தடவை எழுதிக் கிழித்தது போக நான்காவது.

ஆகஸ்ட் 20, புதன்

பயிற்சி முடிந்து எல்லாரும் போனதும் ஆல்டிரின் அண்ணன் கோயிலுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கோயிலைப் பூட்டுகிறவர் சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஒரு வாய் தொறந்து சொல்லப்படாதா? மாவுக்குள்ள லெட்டரு வந்திருக்குன்னு எங்க வீட்டுல என்னய முறைச்சுப் பாக்கா" என்றார். பிறகு மிக்ஸரின் திரையில் என் சேனலைத் திறந்தார். ஈக்வலைசர். இடமிருந்து வலம் ஒரு நேர்கோடு. இடது ஓரம் தாழ்ந்த சத்தம், வலது ஓரம் கூர்மையான சத்தம், அடியில் இருபதிலிருந்து இருபதாயிரம் வரை எண்கள். கோட்டை எங்கே அழுத்துகிறோமோ அங்கே சத்தம் குறையும், எங்கே தூக்குகிறோமோ அங்கே கூடும்.

"எது அசிங்கம்னு தெரியலன்னா ஒரு எடத்தத் தூக்கிட்டு, அப்படியே நகட்டிக்கிட்டே போ. அசிங்கமான எடம் வந்ததும் ஆளு தானா கத்துவான். அங்க அமுக்கு. இதுக்கு மேல எனக்கும் தெரியாது. நான் செல்போன் கவர் விக்கவன்."

அவர் கம்பியைத் தட்ட நான் கோட்டை நகர்த்தினேன். முதலில் ஆணி அடிக்கும் சத்தத்தைத் தேடினேன். நாலாயிரத்து ஐநூறுக்கு மேல் முழுவதையும் சரித்துவிட்டேன். நகம் போயிற்று. உரசல் போயிற்று. ஒரு நிமிடம் எங்கள் பெட்டியே வந்து நின்றது போல இருந்தது.

இத்தனை நாளும் பெட்டி எனக்கு எதையோ சேர்த்துக் கொடுக்கிறது என்று நினைத்திருந்தேன். அது பெரும்பாலும் எடுத்துத்தான் இருக்கிறது. தடித்த காகிதக் கோன், கூர்மையான சத்தத்தை வெளியே விடவில்லை. அவ்வளவுதான். அதற்கு எங்கோ இருக்கிற அறையும் மைக்கும் தேவையில்லை.

எழுதி வைக்கிறேன், மறந்துபோகும்:
45க்குக் கீழே வெட்டு.
90 கொஞ்சம் தூக்கு.
4500க்கு மேலே சரித்துவிடு.
சுவர்: ?

சுவர் எந்த இடம் என்று மிக்ஸர் பக்கத்தில் நின்றால் தெரியவில்லை. இருநூறு பக்கம் என்று தோன்றுகிறது. அங்கே போய் உட்கார்ந்தால்தான் தெரியும். உட்கார்ந்தால் வாசிக்க முடியாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மறுபடியும் சுவரோரம். முனகும் சுரங்களைப் புத்தகத்தின் பின்பக்கம் புள்ளி வைத்துக் குறித்தேன். அம்மா, "பிரசங்கமா எழுதுத?" என்று சந்தோஷப்பட்டாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஜெசிந்தா கேட்டது இன்னும் மண்டைக்குள் இருக்கிறது.

பதினோராம் வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" சொல்ல வேண்டும். முதல் நாள் சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து, "அண்ணாச்சி, பாய்ஸ் ஸ்கூல் அடுத்த தெருவுல" என்று ஒருத்தி சொன்னாள். ஐம்பத்தெட்டுப் பேர் சிரித்தார்கள். டீச்சரும் கொஞ்சம். என் குரல் அப்படித்தான், சின்னதிலிருந்தே தடிமன். அடுத்த நாளிலிருந்து கையை மட்டும் தூக்கினேன். டீச்சர் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. சத்தம் வராவிட்டால் ஆப்சென்ட். முதல் மாதம் முடிந்து பார்த்தால், நான் போயிருந்த நாட்களில் பாதிக்கு மேல் போகாதவளாக இருந்தேன். பெற்றோரைக் கூட்டி வரச் சொன்னார்கள்.

அம்மாவின் மணிக்கட்டு வலி அந்த மாதம்தான் கூடியது. அதுவும் உண்மை.

இன்று கிரைண்டர் பெல்ட் இரண்டு தடவை கழன்றது.

ஆகஸ்ட் 27, புதன்

ஆல்டிரின் அண்ணனே ஒரு வழி கண்டுபிடித்தார். என் கிட்டார் சத்தத்தை, கோட்டில் கை வைப்பதற்கு முந்தைய நிலையில், பெண்டிரைவில் பதிவு செய்துவிடலாம். சனிக்கிழமை ஒத்திகையில் குழு பாடும்போது அதை ஓடவிட்டால் நான் வாசிப்பது போலவே வரும். நான் சுவரோரம் உட்கார்ந்து கேட்கலாம். காலிக் கோயிலில் கேட்பது வேறு, ஆள் நிறைந்திருக்கும்போது கேட்பது வேறு.

"நீயே ஒன்னய கேக்கலாம். இந்த ஊருல யாருக்குக் கிடைக்கும்?" என்றார்.

பண்டிகைப் பாட்டின் நாலு அடியையும் பிரின்ஸ்டன் அண்ணன் கீபோர்டோடு வாசித்துப் பதிவு செய்தோம். சனிக்கிழமை டிரம்ஸ்காரர் பதிவை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே தாளம் போடுவார், மற்றவர்கள் அவரோடு சேர்ந்துகொள்வார்கள்.

சைகையும் பேசிக்கொண்டோம். மிக்ஸரில் திரை ஒன்றுதான், கையில் எடுத்து நடக்க முடியாது. விரல் எண்ணிக்கை எந்த நூறு என்பது. கை மேலே போனால் தூக்கு, கீழே போனால் அமுக்கு.

ஆகஸ்ட் 28, வியாழன்

அசனத்துக்குத் தேங்காய் வந்து இறங்கியது. வீட்டுக்குப் பத்து உரித்துக் கொடுக்க வேண்டும். கை எரிகிறது.

ஆகஸ்ட் 30, சனி

சாயங்காலம் ஐந்து மணி. மத்தியானத்திலிருந்து கோயில் வளாகத்தில் கத்தரிக்காய் நறுக்கிய பெண்கள் அப்படியே கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். நூறு பேருக்கு மேல். குழந்தைகள் மடியிலும் பாயிலும். நான் அம்மாவுக்குப் பக்கத்தில், சுவரோரம். இரண்டு வரிசை முன்னால் ரத்தினபாய் பெரியம்மா.

மேடையில் பிரின்ஸ்டன் அண்ணன் சொன்னார். "ஒரு பாட்டுதான் பெரியம்மா. கேட்டுட்டு நீங்க சொல்லுங்க. சரியில்லன்னா பேஸ நிப்பாட்டிருவோம்."

"பாடுங்கய்யா, கொழம்புக்கு ஆளு இல்ல" என்றார் பெரியம்மா.

பாட்டு தொடங்கியது. என் கிட்டார் வந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் வாசித்தேன். ஆணிச் சத்தம் இல்லை. உருண்டையாக, பெட்டியில் வருவது போலவே வந்தது. முதல் அடியின் முதல் வரியில் அழுதுவிடுவேன் போல இருந்தது. இரண்டாவது வரியில் சுரம் இறங்கியது. சுவர் முனகத் தொடங்கியது.

வார்த்தைகள் மூழ்கின. பெரியம்மா உள்ளங்கையை வயிற்றில் வைத்தார். மேடையில் பிரின்ஸ்டன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டு இடது கையைக் கீழ்க்கட்டைகளுக்குக் கொண்டுபோனார்.

நான் இரண்டு விரலைக் காட்டிக் கையைக் கீழே இறக்கினேன். எனக்கும் மிக்ஸருக்கும் நடுவில் தூண், அதன் ஓரத்தில் வரிசையாகத் தலைகள். இது நாங்கள் யோசிக்காதது. ஆல்டிரின் அண்ணனுக்கு என் கை மேலே இருந்த வரைக்கும்தான் தெரிந்திருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு இருநூறைத் தூக்கினார்.

அண்டாவைத் தரையில் இழுப்பது, இப்போது இரண்டு அண்டா. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. ஒரு பெண் காதைப் பொத்தினாள். "நாஞ் சொல்லல?" என்றார் பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம்.

ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. இருநூறுதான். இடம் சரி, பக்கம்தான் தப்பு.

கையை மறுபடியும் ஆட்டினேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகலாமென்றால் வழியெல்லாம் பாய், குழந்தைகள், கத்தரிக்காய்க் கூடை. சுற்றிப் போய்ச் சொல்வதற்குள் நாலாவது அடி முடிந்துவிடும். போய்விட்டால் இங்கே எப்படி மாறுகிறது என்று கேட்கவும் ஆளில்லை. மூன்றாவது அடி தொடங்கியிருந்தது.

எழுந்து நின்றேன். அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு பிள்ள, எல்லாரும் பாக்காங்க."

"ஆல்டிரின் அண்ணே!" என்று கூப்பிட்டேன். "இருநூற கொறைங்க!"

கோயிலில் மூன்று விநாடி நிற்கிற எதிரொலியில் என் குரலும் நின்றது. அது எவ்வளவு தடிமன் என்று நானே முதல் தடவை கேட்டேன். தலைகள் திரும்பின. ஜெசிந்தாவின் தலையும். பாடிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் பாட்டை விட்டுவிட்டார்கள். பின்னால் யாரோ, "யாருட்டி அது, ஆம்பள மாதிரி?" என்றார். "மாவுக்காரப் பிள்ளலா" என்றார் இன்னொருவர். சிரிப்பு ஓடியது.

ஆல்டிரின் அண்ணன் தூணுக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குனிந்தார்.

சுவர் மெல்ல அடங்கியது. முதலில் டிரம்ஸ் தெளிந்தது, பிறகு பெண்களின் குரல், பிறகு ஒவ்வொரு வார்த்தையும். அடியில் என் கிட்டார் நடந்துகொண்டுதான் இருந்தது, யாரையும் இடிக்காமல். பெரியம்மாவின் கை வயிற்றிலிருந்து இறங்கியது. அவர் புத்தகத்தைப் பார்க்காமலேயே பாட ஆரம்பித்திருந்தார். பிரின்ஸ்டன் அண்ணன் இடது கையைக் கட்டைகளிலிருந்து எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டார்.

அதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். அம்மா இன்னும் துப்பட்டாவை விடவில்லை. ஜெசிந்தா இன்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் நாலாவது அடியில் அந்தச் சுரம் இரண்டு தடவை வரும், அப்போது சுவர் லேசாக முனகும் என்று எனக்குத் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் கொறைங்கண்ணே" என்று மறுபடியும் கூப்பிட்டேன்.